ஆளுக்கேற்ற நீளம்

என் பட்டறைக்குக் கோல்ஃப் மட்டையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவோடுதான் வருவார்கள். "இதுல அரை இஞ்ச் குறைச்சுக் குடுங்க" என்பார் ஒருவர். "ஒரு இஞ்ச் கூட்டிப் போடுங்க, பந்து இன்னும் தூரம் போகும்னு சொல்றாங்க" என்பார் இன்னொருவர். கூட ஆடும் நண்பர் சொல்லியிருப்பார், இல்லையென்றால் ஏதாவது வீடியோ பார்த்திருப்பார்கள். நான் மட்டையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "ஆடுற ஷூவப் போட்டுக்குங்க சார். முன்னால பந்து இருக்குன்னு நெனச்சு நில்லுங்க" என்பேன். அவர் நிற்பதைப் பக்கவாட்டிலிருந்தும் நேரேயிருந்தும் பார்ப்பேன். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, முதுகு எவ்வளவு குனிகிறது, கை தோளிலிருந்து தளர்ந்து தொங்குகிறதா, முன்னால் நீட்டிக்கொண்டு போகிறதா என்று பார்ப்பேன். அளவு நாடாவைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

கோல்ஃப் மட்டைகளின் தண்டை, அதாவது ஷாஃப்ட்டை, வெட்டிக் குறைப்பதும் ஒட்டு வைத்து நீட்டுவதும்தான் என் தொழில். வாழ்க்கையின் பெரும்பகுதி இதில் போயிருக்கிறது. இதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்றுதான். கடையில் வாங்கிய மட்டைக்குத் தக்கபடி ஆள் தன் உடம்பை வளைத்துக்கொள்ளக் கூடாது. ஆளுக்குத் தக்கபடி மட்டையைத் திருத்த வேண்டும். நீளம் சரியில்லாத மட்டையோடு பல வருஷம் ஆடியவர்களின் முதுகும் முழங்கையும் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி. திருமானூர் பக்கம், கொள்ளிடத்தின் வடகரை. வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயிலால் ஊர்ப்பெயர் வெளியே தெரியும். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. கோல்ஃப் ஆடுகிற ஒருவரைக்கூட எங்கள் பக்கம் பார்க்க முடியாது. அப்பா தச்சு வேலை செய்தவர். ஏரும் மாட்டு வண்டியும் குறைந்துபோய், நிலை, ஜன்னல், மண்வெட்டிக் காம்பு, அரிவாள் பிடி என்று தொழில் சுருங்கிவிட்ட காலம் அது. அவரிடம் நான் கற்றவை இரண்டு. ஒன்று நூல் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். பென்சில் கோட்டின் எந்த ஓரத்தில் ரம்பம் இறங்குகிறது என்பதில்கூட நூல் கூடும், குறையும் என்பார். இன்னொன்று, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் தொழில் மரபு. தச்சன் கொஞ்சம் நீட்டி வெட்டுவான், கொல்லன் கொஞ்சம் குறைத்து வெட்டுவான். மரம் நீண்டிருந்தால் இழைத்துக் குறைக்கலாம். இரும்பு குறைந்திருந்தால் காய்ச்சி அடித்து நீட்டலாம். ஷாஃப்ட் இரும்பானாலும் அதற்குத் தச்சன் வழிதான் பொருந்தும். அது மெல்லிய சுவருள்ள குழாய். அடித்து நீட்ட வழியில்லை.

வேலை தேடிச் சென்னைக்குப் போனபோது சைதாப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். ஒரு பக்கம் நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானம். மறுபக்கம் கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு உள்ளேயே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் மைதானம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் சைதாப்பேட்டை. மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடிப் பையன்கள், தலை கழன்ற மட்டையையும் வளைந்த தண்டையும் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். "அண்ணே, இதுக்குள்ள போற மாதிரி ஒரு துண்டு கடைஞ்சு குடுங்கண்ணே" என்று கேட்பார்கள். அப்படிக் கடைந்து கொடுத்த துண்டுகள் வழியாகத்தான் மட்டை ரிப்பேர் பார்க்கும் ஒரு மேஸ்திரியிடம் போய்ச் சேர்ந்தேன். தொழிலை அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

இந்த ஆட்டம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. கல்கத்தாவின் ராயல் கால்கட்டா கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் மிகப் பழையது. மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884-இலும் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இலும் வந்தன. அந்தக் காலத்துத் தண்டெல்லாம் ஹிக்கரி என்ற அமெரிக்க மரம். மரத்தைச் சீவி, தேய்த்து, கையில் வளைத்துப் பார்த்துத்தான் அதன் விறைப்பை முடிவு செய்வார்கள். அப்படி ஒரு பழைய மட்டையை மேஸ்திரி பத்திரமாக வைத்திருந்தார். தலையும் தண்டும் சேரும் இடத்தில் மெழுகிட்ட நூலை நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அதைக் கையில் பிடித்தால் இது முழுக்கத் தச்சன் வேலை என்று அப்பாவுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

எஃகுத் தண்டை அமெரிக்காவின் கோல்ஃப் சங்கம் 1924-இலும், ஸ்காட்லாந்திலிருந்து விதி வகுக்கும் ஆர் அண்ட் ஏ 1929-இலும் அனுமதித்தன. 1931-இல் பில்லி பர்க் எஃகுத் தண்டோடு யு.எஸ். ஓப்பனை வென்றார். 1969-இல் ஃபிராங்க் தாமஸ் கிராஃபைட் தண்டை வடிவமைத்தார். மரம், எஃகு, கரி இழை என்று பொருள் மாறும்போதெல்லாம் வெட்டும் முறையும் ஒட்டும் முறையும் மாறின. நான் தொழிலுக்கு வந்தபோது எஃகும் கிராஃபைட்டும் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எஃகுக்குத் தகுந்த கருவியைக் கிராஃபைட்டில் வைத்துவிடக் கூடாது என்பதுதான் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

அளப்பதிலிருந்து தொடங்குகிறேன். மட்டையைச் சுவரில் சாய்த்து, தலையின் நுனியிலிருந்து நாடா பிடித்து அளந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு சரியாக வராது. விதிப்படி, மட்டையின் அடிப்பாகம் சமதளத்தில் படிந்திருக்க வேண்டும். 60 பாகைச் சாய்வுள்ள ஒரு பலகை அதை ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் பலகையும் தரையும் சந்திக்கும் கோட்டிலிருந்து, கைப்பிடி உறையான கிரிப்பின் மேல் முனை வரை உள்ளதே நீளம். எனக்கு ஒரு வெல்டர் இரும்புத் தகட்டில் அந்தச் சாய்வைச் செய்துகொடுத்தார். நாலடி எஃகு ஸ்கேலை அதோடு பொருத்திவிட்டேன். வீட்டில் அளப்பதென்றால், மட்டையை ஆடும் நிலையில் தரையில் படிய வைத்து, தண்டின் பின்பக்கமாக ஸ்கேலைச் சாய்த்துத் தரையிலிருந்து அளக்கலாம். கிரிப்பின் மேல்மூடிக்கு ஏறக்குறைய ஒரு நூல் கனம் உண்டு. கிரிப்பை உரித்துவிட்டு வெறும் தண்டை அளக்கும்போது அந்த ஒரு நூலைக் கழித்துத்தான் வெட்ட வேண்டும்.

ஆண்களுக்கான, எஃகுத் தண்டுள்ள ஐந்தாம் நம்பர் அயர்ன் மட்டை பொதுவாக 38 அங்குலம். நம்பர் ஒன்று ஏறினால் அரை அங்குலம் குறையும். ஏழாம் நம்பர் 37, ஒன்பதாம் நம்பர் 36. கிராஃபைட் என்றால் பெரும்பாலும் அரை அங்குலம் கூடுதல். எண் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நீளம் என்பதையே மறுத்த ஆட்டக்காரரும் உண்டு. பிரைசன் டிஷாம்போ தன் அயர்ன்கள் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் செய்துகொண்டு 2020-இல் யு.எஸ். ஓப்பனை வென்றார். எல்லாருக்கும் அது சரி என்று நான் சொல்லமாட்டேன். பெட்டியில் வந்த நீளத்தை மாற்றக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதற்குத்தான் அவரைச் சொல்கிறேன்.

பெட்டியில் வருகிற நீளம் யாருக்காக வைத்தது? அமெரிக்க, ஐரோப்பியச் சராசரி ஆணுக்காக. நம் ஊரில் ஐந்தரை அடி உயரமுள்ளவர் அதே மட்டையை வாங்கி, கிரிப்பின் மேல் முனையில் இரண்டு விரற்கடை விட்டுப் பிடித்து ஆடுவார். அது தப்பில்லை, ஆனால் கிரிப் கீழே போகப் போக மெலிகிறது. மெலிந்த இடத்தைப் பிடிப்பதால் கை இறுகுகிறது. உயரத்தை மட்டும் பார்த்து நீளத்தைச் சொல்லிவிடவும் முடியாது. ஆறடி ஆளுக்குக் கை நீளமாக இருந்தால் அவர் மணிக்கட்டு, ஐந்தே முக்கால் அடி ஆளின் மணிக்கட்டு உயரத்திலேயே தொங்கும். அதனால் ஷூவோடு நேராக நிற்கவைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளப்பேன். அதையும் அவர் நிற்கும் கோலத்தையும் சேர்த்துப் பார்த்தால் நீளம் ஓரளவு பிடிபடும்.

அடுத்தது, எந்த முனையில் வெட்டுவது. தண்டுக்குக் கைப்பிடி முனை தடிமன், தலைப்பக்க முனை மெலிவு. தலைப்பக்கத்தில் வெட்டினால் தண்டு விறைக்கும். புதிதாக மட்டை கட்டும்போது, முனை ஒரே தடிமனாக இருக்கும் வகைத் தண்டுகளில் மட்டும், விறைப்பைச் சரிசெய்ய அங்கே வெட்டுவார்கள். முனை கூராக மெலியும் வகையில் அங்கே கை வைக்கவே கூடாது. தலையின் துளைக்குள் அது பொருந்தாமல் போய்விடும். ஆடிக்கொண்டிருக்கும் மட்டையில் நீளம் குறைப்பது எப்போதும் கைப்பிடி முனையில்தான்.

எஃகுத் தண்டு என்றால் பிளம்பர்கள் வைத்திருக்கும் பைப் கட்டர் போதும். சக்கரத்தைக் குறித்த கோட்டில் வைத்து, லேசாக இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கொஞ்சம் இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கினால் வாய் உள்பக்கமாகச் சுருங்கிவிடும். வெட்டி முடித்ததும் வாய்ப்பகுதியில் நிற்கும் பிசிறை அரத்தால் ராவி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிரிப்பை ஏற்றும்போது ரப்பரை உள்ளிருந்தே கிழிக்கும்.

கிராஃபைட்டில் பைப் கட்டரை வைக்கவே கூடாது. அது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய கரி இழைகளைப் பிசின் பிடித்து நிற்கும் பொருள். கட்டர் இழைகளை வெட்டாது, நசுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் கைப்பிடிக்குள்ளிருந்து விரிசல் ஓடும். வெட்டவேண்டிய இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இறுக்கமாக ஒட்டி, டேப்பின்மேல் கோடு போடுவேன். வைஸின் இரண்டு தாடைக்கும் ரப்பர் வைத்து, தண்டு திரும்பாத அளவுக்கு மட்டும் பிடிப்பேன். அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஆக்ஸா பிளேடை எடுத்து, ஒரே பக்கமாக அறுத்துத் தள்ளாமல், தண்டைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் மேலாக ஒரு பள்ளம் எடுத்துக்கொள்வேன். பிறகுதான் ஊடே போவேன். கடைசி இழை அறுபடும்போது துண்டின் கனத்தில் அது உரிந்து வராதபடி, இடது கையால் துண்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வாயை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். எழும் கரித்தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. முகமூடி போட்டு, ஈரத்துணி விரித்து வெட்டி, தூளைத் துணியோடு சுருட்டி எடுத்துவிட வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. என்னிடம் வேலை கற்க வரும் தம்பிகளிடம் நான் கறாராக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அரை அங்குலம் வெட்டினால் போகிற எடை ஓரிரு கிராம். ஆனால் மட்டையை வீசிப் பார்த்தால் தலை காணாமல் போனதுபோல இருக்கிறது என்பார்கள். உண்மைதான். வீச்சில் தலை எவ்வளவு கனமாக உணரப்படுகிறது என்பதை அளக்கத் தனித் தராசு உண்டு; ஸ்விங் வெயிட் தராசு. கைப்பிடி முனையிலிருந்து 14 அங்குலத்தில் முட்டுக் கொடுத்து, தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பது. ஆண்களின் மட்டைகள் டி-0, டி-2 என்ற அளவிலும், பெண்களுடையது சி வரிசையிலும் இருப்பது வழக்கம். அரை அங்குலம் குறைத்தால் மூன்று புள்ளி இறங்கும், கூட்டினால் மூன்று புள்ளி ஏறும். தலையில் இரண்டு கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி. ஆகவே அரை அங்குலம் குறைத்த மட்டைக்குப் பழைய உணர்வு திரும்ப வேண்டுமென்றால், தலையின் பின்பக்கம் ஆறு கிராம் அளவுக்கு ஈயப்பட்டை ஒட்ட வேண்டும். வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. தராசில் ஏற்றிப் பார்த்து, ஈயம் ஒட்டி, அவரையே வீசிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் பணம் வாங்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்டளை. இன்றும் அதையே செய்கிறேன்.

2016 ஜனவரியில், நீளமான பட்டரை, அதாவது பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டையை, வயிற்றிலோ மார்பிலோ ஊன்றிக்கொண்டு அடிப்பதை விதி தடைசெய்தது. வயிற்றில் ஊன்றும் பட்டர்களை 34, 35 அங்குலத்துக்கு வெட்டிக் கேட்டுப் பலர் வந்தார்கள். அந்த வகைப் பட்டரின் தலை வழக்கத்தைவிடக் கனம். தண்டைக் குறைக்கும்போது அந்தக் கூடுதல் கனமே ஈடுகட்டிவிட்டது. ஈயம் ஒட்டத் தேவைப்படவில்லை. நீளமும் எடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை என்பது அப்போது வந்தவர்களுக்கு நன்றாக விளங்கியது.

நீட்டுவது இன்னும் பொறுமையான வேலை. நான் வந்த புதிதில் ஒட்டுத் துண்டுகள் இங்கே எளிதில் கிடைக்காது. வைரம் பாய்ந்த மரத்தை இழைத்துப் போடுவோம், இல்லையென்றால் லேத்தில் அலுமினியத் தண்டைக் கடைந்து போடுவோம். உடைந்த எஃகுத் தண்டின் மெலிந்த பகுதியையே வெட்டி இன்னொன்றின் உள்ளே செருகுவதும் உண்டு. இப்போது எஃகு, பிளாஸ்டிக், கிராஃபைட் துண்டுகள் ரெடிமேடாகவே வருகின்றன. ஆனாலும் அப்படியே பொருந்துவது அபூர்வம். முன்னமே வெட்டிய தண்டாக இருந்தால் வாய் குறுகியிருக்கும், சுவரின் கனமும் தண்டுக்குத் தண்டு வேறுபடும்.

முதலில் கிரிப்பை உரித்து, பழைய டேப்பின் பசையை முழுக்கச் சுரண்டி எடுப்பேன். தண்டின் உள்வாயை வெர்னியரில் அளந்து, துண்டை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவேன். விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். கவிழ்த்தால் தானாக விழக் கூடாது. பசைக்கு இடம் வேண்டுமே. உள்வாயையும் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். எப்பாக்சியின் இரண்டு பங்கையும் நிறம் ஒன்றாகும்வரை கலக்கி, துண்டில் மெல்லப் பூசி, சுழற்றிக்கொண்டே இறக்குவேன். வெளியே நீளும் அளவுக்குக் குறையாமல் உள்ளேயும் இறங்கியிருக்க வேண்டும். பிதுங்கும் பசையைத் துடைத்து, தண்டும் துண்டும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்து உருட்டிப் பார்ப்பேன். பிறகு ஒரு முழு நாள் தொடக் கூடாது. சென்னை வெயிலில் எப்பாக்சி சீக்கிரம் இறுகத் தொடங்கும் என்பதால் ஒரு மட்டைக்கு வேண்டியதை மட்டும் கலக்குவது நல்லது. நம் ஊர் வெயிலில் காரின் டிக்கியில் மட்டையைப் போட்டுவைத்தால் தலையைப் பிடித்திருக்கும் பசைகூட நாளடைவில் தளரும். புதிதாக ஒட்டு வைத்ததை டிக்கியில் வைக்கவே வைக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.

இரண்டு அங்குலத்துக்கு மேல் நீட்டித் தரச் சொன்னால் மறுத்துவிடுவேன். அதற்குமேல் போனால் பிடிக்கும் இடத்தின் பெரும்பகுதி ஒட்டின்மேல் வந்துவிடும். தலைக்கனம் தாறுமாறாக ஏறும். அவ்வளவு நீளம் வேண்டியவருக்குத் தண்டையே மாற்றுவதுதான் நியாயம். நீளம் கூடினால் தூரம் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பில் மிக்கல்சன் 2021-இல் தன் ஐம்பதாவது வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றபோது அவருடைய டிரைவர், அதாவது தூரம் அடிக்கும் மட்டை, 47.9 அங்குலம். பட்டரைத் தவிர மற்ற மட்டைகளுக்கு விதி 48 அங்குலம் வரை இடம் தருகிறது. தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குலத்துக்குக் கட்டுப்படுத்த 2022 முதல் வழி செய்திருக்கிறார்கள். ஆனால் மிக்கல்சனின் பயிற்சி நம்மவருக்கு இல்லை. டைகர் உட்ஸ் தன் இளமைக்காலத்தில் பிறரை மிஞ்சி அடித்த டிரைவர் 43.5 அங்குலம்தான். பந்து முகப்பின் நடுவில் படுவதுதான் தூரம். நடுவில் படவைக்க எந்த நீளம் உதவுகிறதோ அதுதான் ஒருவருக்கு நீளமான மட்டை.

நீளத்தை மாற்றினால் கோணமும் மாறுகிறது. இதை மண்வெட்டியை வைத்துச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். காம்புக்கும் இலைக்கும் உள்ள கோணத்தைத் தொடாமல் காம்பை மட்டும் நீட்டினால், பிடிக்கும் கை மேலே போகும், இலை தரையில் ஒரு ஓரமாகப் படும். வரப்பு வெட்டுகிறவர் அதை முதல் வெட்டிலேயே சொல்லிவிடுவார். கோல்ஃப் மட்டையும் அப்படியே. அரை அங்குலம் நீட்டினால் ஏறக்குறைய ஒரு பாகை நிமிர்ந்து நிற்கும். தலையின் நுனி தூக்கிக்கொள்ளும், வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகும். குறைத்தால் நுனி தரையைக் கொத்தும், பந்து வலப்பக்கம் விலகும். இதைக் கண்டுபிடிக்க, தலையின் அடியில் ஒரு டேப்பை ஒட்டி, பலகைமேல் வைத்த பந்தை அடிக்கச் சொல்வேன். டேப்பில் விழும் உரசல் நடுவில் இருக்க வேண்டும். நுனிப்பக்கமோ குதிப்பக்கமோ விழுந்தால் தலையை வளைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டும். அடித்துச் செய்த மிருதுவான எஃகு வளைந்து கொடுக்கும். வார்ப்பில் செய்த கெட்டி எஃகை இரண்டு பாகைக்கு மேல் வளைக்க முயன்றால் முறியும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட மட்டையில் நீளத்தையே கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லிவிடுவேன்.

இந்தத் தொழிலில் என் மனசுக்கு நெருக்கமான வேலை பிள்ளைகளுக்கு மட்டை செய்வதுதான். மைதானத்தில் பை சுமப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளும், புல் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளும் வேலியோரம் நின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர்கள். அவர்களிலிருந்து எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள்! டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 1993-இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை வென்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவர். மகன் 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனைக் கொண்டுபோனார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது பெரியவர் யாரோ கழித்துப்போட்ட மட்டை. அதை அப்பாவே ஆக்ஸா பிளேடால் அறுத்து, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்திருப்பார். அன்பில் குறையில்லை. ஆனால் ஏழாம் நம்பர் அயர்னின் தலை மட்டுமே 270 கிராம் வரும். அதில் 37 அங்குல எஃகுத் தண்டை 28 அங்குலமாக அறுத்தால் மிச்சமிருப்பது கடப்பாரைபோல விறைத்துப்போகும். எட்டு வயதுப் பிள்ளை அதை வீசத் தன் முழு உடம்பையும் போட்டு இழுக்கும். மணிக்கட்டு மடங்கும், இடுப்பு முன்னால் ஓடும். அந்த இழுப்பே பழக்கமாகிவிட்டால், பிற்பாடு எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. ஆண்களின் எஃகு மட்டைக்குப் பதிலாக, பெண்கள் ஆடிக் கழித்த கிராஃபைட் மட்டையை எடுங்கள். தண்டு லேசு, வளைவும் அதிகம். அதை வெட்டினால் பிள்ளை வீசும் அளவுக்கு நெகிழ்ச்சி மிஞ்சும். தலையில் ஒட்டிய ஈயம் இருந்தால் உரித்துவிடுங்கள். வெட்டிய இடத்தில் தண்டு மெலிந்திருப்பது இங்கே நமக்கு வசதி. சிறுவர் கிரிப்பை அதன்மேல் நேரே ஏற்றலாம். சின்னக் கை முழுசாகச் சுற்றிப் பிடிக்கும். முதலில் ஒன்பதாம் நம்பர், ஏழாம் நம்பர், ஒரு பட்டர், இவை போதும். ஒரே வெட்டில் முடிக்காமல் கொஞ்சம் நீட்டியே விடுங்கள். பிள்ளை கீழே பிடித்து ஆடட்டும். வளர வளரக் கை மேலே ஏறும். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த பிள்ளையின் மட்டைக்கு ஒட்டு வைக்க அது உதவும். என் பட்டறையில் அப்படிச் சேர்ந்த துண்டுகளை விட்டத்தின்படி பிரித்துத் தனித்தனி டப்பாக்களில் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் ஏலாக்குறிச்சியிலேயே இருக்கிறேன். அப்பாவின் தச்சு மேசைமேல் வைஸும் ஸ்விங் வெயிட் தராசும் இருக்கின்றன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மலை ஊர்களிலிருந்தும் மட்டைகள் பார்சலில் வருகின்றன. ஆளை நேரில் பார்க்காமல் வேலை செய்ய எனக்கு மனம் ஒப்பாது. அதனால் மணிக்கட்டு அளவு, நிற்கும் கோலத்தைப் பக்கவாட்டிலும் நேரேயும் எடுத்த வீடியோ, அடித்த பிறகு டேப்பில் விழுந்த உரசலின் படம், மூன்றையும் அனுப்பச் சொல்கிறேன். அவை கிடைக்கும்வரை ரம்பத்தைத் தொடுவதில்லை. "நான் சொல்ற நீளத்துக்கு வெட்டுங்க, போதும்" என்று கோபிக்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய மட்டையை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன். வருமானம் போகட்டும். வெட்டியதைத் திரும்ப வளர்க்க முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு வைஸ், ஒரு ஆக்ஸா பிளேடு, கொஞ்சம் சிறுவர் கிரிப்புகள், வேலை தெரிந்த ஒரு கை, இவ்வளவும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டு வருகிற தம்பி, தங்கை யாராக இருந்தாலும் இந்த வேலையைக் கற்றுத்தர நான் தயார். பயிற்சியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். ஒரு பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு ஆட்டம் வராது, இவளுக்குக் கை வராது என்று சொல்லும் முன், அந்தப் பிள்ளை கையில் வைத்திருக்கும் மட்டையை வாங்கி ஒருமுறை அளந்து பாருங்கள்.